தம்பியின் சாட்சியில் மாத்திரையைச் சொல்லலாமா?

கேட்டவர்: கடலோர ஆசிரியை

என் தம்பிக்கு முப்பத்தொரு வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். மயிலாடுதுறைக்குக் கிழக்கே, கடலை எட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். அவனுக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் சொல்லி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரவு ஒன்பது மணிக்கு இரண்டு மாத்திரைகள் போடுகிறான். ஒன்று ரிஸ்பெரிடோன். மற்றொன்று, அதனால் வருகிற கைநடுக்கத்துக்கு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் திருச்சபையில் இதைத் தவிர மற்ற எல்லா நோயையும் பெயர் சொல்லிப் பேசலாம்.

வருகிற மாசியில் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. தேவன் தனக்குச் செய்ததைத் தம்பி சபையார் முன்னால் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தம்பிக்கு மகிழ்ச்சிதான். சம்பா அறுவடைக்கு ஒரு மாதமாக இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போய் வந்திருக்கிறான். அந்தக் கூலியில் ஒரு மூட்டை நெல் வாங்கிக் காணிக்கை வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். மூப்பர் காப்பி குடித்துவிட்டு எழுந்தபோது, "மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டாம் தம்பி, கேட்கிறவர்களுடைய விசுவாசம் குலைந்துவிடும்" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. அவருடைய வண்டி தெருமுனை திரும்பிய பிறகு என்னிடம், "மாத்திரையைச் சொல்லாவிட்டால் அது என் சாட்சி இல்லை, அக்கா" என்றான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் போன ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

போன ஆண்டு சாம்பல் புதனன்று வீட்டு ஜெபக்குழு ஒன்று வந்தது. எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். "இன்றோடு கட்டு அவிழ்ந்தது, இனிமேல் மாத்திரை போட்டால் அது தேவனை நம்பவில்லை என்று அர்த்தம்" என்றார்கள். அம்மா பிஸ்கட் டப்பாவிலிருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு ஆண்டுகளாக யாராவது ஒருவர் "சரியாகிவிட்டது" என்று சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவர் அவர்.

சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை வருகிற லெந்து நாட்கள் முழுவதும் தம்பி நன்றாக இருந்தான். கைநடுக்கம் நின்றது. பகல் தூக்கம் போனது. உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று பீடத்துக்கு முன்னால் நின்று, மாத்திரை இல்லாமல் இத்தனை நாள் இருக்கிறேன் என்று சாட்சி சொன்னான். சபை முழுவதும் கை தட்டியது. நானும் தட்டினேன்.

மே மாதத்தில் நோய் மறுபடி தொடங்கியது. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு ஓர் இரவு மேசை மின்விசிறிக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அதைப் பிரித்துப் போட்டான். ஃபிட்டர் அல்லவா? காலையில் நான் எழுந்து பார்த்தபோது தரையில் செய்தித்தாளை விரித்து, திருகுகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக வைத்திருந்தான். இறக்கைகளைத் துடைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்தான். நடுவில் செப்புக் கம்பிச் சுருள். அதைக் காதருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவ்வளவு ஒழுங்காக ஒருவன் உடைந்துபோவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த நான்காம் இரவு வீட்டைவிட்டுப் போய்விட்டான். விடியும் நேரத்தில் மதகுக்கு அடியில், காய்ந்த மணலில் கண்டுபிடித்தோம். உதடு வெடித்திருந்தது. "அக்கா, அவர்கள் போய்விட்டார்களா?" என்று கேட்டான். அது ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதம். மேட்டூரை ஜூன் 12-இல்தான் திறப்பார்கள். தண்ணீர் வந்த பிறகு இது நடந்திருந்தால் என்று தொடங்கும் வாக்கியத்தை நான் இதுவரை முடித்ததில்லை.

மருத்துவமனையில் பத்தொன்பது நாட்கள் இருந்தோம். ஜெபக்குழு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பெண்மணி வந்து, ஒரு மனிதனைவிட்டுப் போன அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வரும் என்ற மத்தேயு பன்னிரண்டாம் அதிகாரப் பகுதியை வாசித்துவிட்டு, "உங்கள் வீட்டில் யாருக்கோ சந்தேகம் இருந்திருக்கிறது" என்றார். அந்த உயிர்த்தெழுந்த ஞாயிற்றின் சாட்சி தவறு என்று இன்றுவரை யாரும் சபையில் சொல்லவில்லை. அது அப்படியே நிற்கிறது.

மாத்திரை மறுபடி தொடங்கியதும் நடுக்கமும் திரும்ப வந்தது. திருவிருந்தில், இயேசுவின் இரத்தமாகத் திராட்சரசம் தருகிற பாத்திரத்தை வாங்கும்போது அவன் விரல்கள் பாத்திரத்தின் விளிம்பில் படபடவென்று அடித்துக்கொள்ளும். பக்கத்தில் முழங்கால்படியிட்டிருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். இரத்தத்தைக் கண்டு ஆவி நடுங்குகிறது என்று பின்னால் பேச்சு. அது மாத்திரையின் பக்கவிளைவு என்பதை நான் எத்தனை பேரிடம் போய்ச் சொல்வது? அன்று முதல் தம்பி வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் பாத்திரத்தின் முன் நிற்கிறான்.

என் கேள்வி இதுதான். அவன் மாத்திரையோடு சேர்த்தே சாட்சி சொல்ல விரும்புகிறான். சொல்ல விடலாமா? சொன்னால் அவனைத் தாங்குவார்களா, அல்லது அவன் இன்னும் தனியாகிவிடுவானா? உங்கள் சபைகளில் யாராவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சபையை விட்டுவிடுங்கள் என்று மட்டும் எழுத வேண்டாம். என் தாத்தா தரங்கம்பாடிக்கு நடந்துபோய், 1718-இல் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் பாடியவர். இது எங்கள் வீடு. வீட்டைவிட்டு எங்கே போவது?

பதில் 1: நாகைச் செவிலி, பணி ஓய்வு

மகளே, நான் கத்தோலிக்கப் பெண். முப்பத்துநான்கு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள்.

தம்பி லெந்து நாட்களில் ஏன் நன்றாக இருந்தான் என்று உங்களுக்கு யாராவது விளக்கினார்களா? இந்த நோயில் மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே பெரும்பாலும் எதுவும் தெரியாது. வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஆனால் நடுக்கமும் தூக்கக் கலக்கமும் முதலில் குறைந்துவிடும். ஆகவே பார்க்கிறவர்களுக்கு ஆள் தெளிந்துவிட்டதாகத் தோன்றும். அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்ட சாட்சிகள் சொல்லப்படுகின்றன. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. ஆறாவது வாரத்தில் மேடையேற்றுகிறார்கள், பன்னிரண்டாவது வாரத்தில் யாரும் வந்து பார்ப்பதில்லை.

வேளாங்கண்ணித் திருவிழாவில் ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை மருத்துவ முகாமில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அங்கே நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவன் எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்ற வரலாறு எங்கள் குழந்தைகளுக்கெல்லாம் மனப்பாடம். எனக்கும் அதில் பக்தி உண்டு. ஒரு வருடம் ஒரு தாய், இருபது வயது மகனின் மணிக்கட்டைத் தன் சேலைத் தலைப்பால் கட்டி இழுத்துக்கொண்டு முகாமுக்கு வந்தார். கடைகளில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால், தொட்டில் எல்லாம் விற்பார்கள். எந்த உறுப்பில் நோயோ அதை வாங்கிக் காணிக்கை வைப்பது வழக்கம். அந்தத் தாய் என்னிடம், "இவனுக்கு எதை வாங்கி வைப்பது சிஸ்டர்? தலையையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பையனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். மணிக்கட்டில் முடிச்சை அவிழ்த்தபோது சேலை நூல் தோலில் பதிந்திருந்தது.

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நம் தலைமுறை மறக்க முடியாது. தர்காவோ தேவாலயமோ கோயிலோ, கட்டிப்போடுவது எங்கே நடந்தாலும் ஒன்றுதான். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது.

இரண்டு காரியம் சொல்கிறேன். நடுக்கம் அதிகமென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றலாம், நீங்களாகக் குறைக்கக் கூடாது. சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. யாரும் டப்பாவிலிருந்து எடுத்துப்போக முடியாது. அவனுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். இரவில் அவசரமாக ஆலோசனை வேண்டுமென்றால் 14416, தமிழிலேயே பேசுவார்கள்.

சாட்சியைப் பற்றி என் எண்ணம்: அவன் வாயால், அவன் விருப்பப்படி. இல்லையென்றால் வேண்டாம்.

பதில் 2: விசுவாச வீரன்

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் என் மகள் டெங்கு வந்து தட்டணுக்கள் குறைந்து கிடந்தபோது மருத்துவர்களே கையை விரித்தார்கள். சபை இரவெல்லாம் முழங்காலில் நின்றது. இன்று அவள் கல்லூரிக்குப் போகிறாள். தேவன் சுகமாக்குகிறார் என்பதை நான் கண்ணால் கண்டவன். மேடையில் நின்று மாத்திரையைப் பேசினால், நம்பிக்கையோடு வந்திருக்கிற எளியவர்கள் தேவனை விட்டு மருந்துக்கடையைப் பார்ப்பார்கள். மாத்திரை போடட்டும், தடுக்கவில்லை. அதை ஏன் சாட்சியில் கலக்க வேண்டும்?

கடலோர ஆசிரியை

ஐயா, உங்கள் மகளுக்காக நானும் நன்றி சொல்கிறேன். ஆனால் நீங்கள் மருத்துவமனையில் இருந்ததை மறைக்காமல்தானே இதை எழுதியிருக்கிறீர்கள்? குளுக்கோஸ் ஏற்றியதைச் சொல்லாதே என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை. தம்பியிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

பதில் 3: தஞ்சைப் பக்கத்துப் போதகர்

ஆசிரியை அம்மா, நான் முதலில் ஒன்றை அறிக்கையிட வேண்டும். பதினேழு ஆண்டுகளுக்கு முன், நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், ஓர் இளம்பெண் பிரசவத்துக்குப் பின் குழந்தையைத் தொட மறுத்தாள். அது தன் குழந்தையே இல்லை என்றாள். என்னை அழைத்தார்கள். மூன்று இரவுகள் அவள் தலைமேல் கைவைத்து ஆவியை அதட்டினேன். அவள் அழுதுகொண்டே, "ஐயா, தூங்க விடுங்கள்" என்றாள். ஆவிதான் அப்படிப் பேசுகிறது என்று நினைத்தேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் என்று ஒன்று இருக்கிறது, உடனடியாக மருத்துவம் பார்த்தால் குணமாகும் என்பது எனக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, வேலூர் பாகாயத்தில் 1957-இலிருந்து நடக்கும் சி.எம்.சி. மனநல மையத்துக்கு வேறொருவருக்குத் துணையாகப் போனபோதுதான் தெரிந்தது. அங்கே குடும்பத்தாரும் நோயாளியோடு தங்குகிறார்கள். நம் திருச்சபைகள் பல சேர்ந்து நடத்தும் இடம். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கு 1890-இலும் காதுகேளாதோருக்கு 1895-இலும் பள்ளி தொடங்கியதும் நம்மவர்கள்தான். இவ்வளவையும் கட்டிய திருச்சபையின் போதகனாகிய நான் ஒரு தாயைத் தூங்க விடவில்லை. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன். திண்ணையில் நாற்காலி போட்டார்கள், உள்ளே அழைக்கவில்லை. அது நியாயம்.

அதற்குப் பிறகு மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்தேன். நுரை தள்ளி, பல்லைக் கடித்து, தீயிலும் தண்ணீரிலும் விழுகிற பையன். இதே சம்பவத்தை மத்தேயுவும் எழுதுகிறார்; அதன் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவனைச் சந்திரரோகி, அதாவது வலிப்பு நோயாளி, என்கிறது. அங்கே இயேசு யாரைக் கடிந்துகொள்கிறார்? பையனை அல்ல, "என் அவிசுவாசம் நீங்க உதவும்" என்று கதறிய தகப்பனையும் அல்ல. ஜெபித்துத் தோற்ற சீடர்களுக்குத்தான் அவிசுவாசம் என்ற சொல் போகிறது என்று மத்தேயு எழுதுகிறார். கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய இடத்திலும் தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தையே அவர் கண்டார். நாமோ நோயாளியின் தலையில் அதை ஏற்றி வைத்துவிட்டோம்.

இன்னொன்று. மத்தேயு எட்டில் குணமான குஷ்டரோகியை இயேசு உடனே ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே, ஆசாரியனிடம் போய்க் காட்டு என்கிறார். அந்தக் காலத்தில் தோலைப் பார்த்து, குணமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவன் ஆசாரியன். இன்று அந்த வேலை மருத்துவருடையது. குணமானதாகச் சாட்சி சொல்ல வருகிற எவரிடமும் நான் இப்போது கேட்பது, "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்பதுதான். உங்கள் மூப்பருக்கு இந்தப் பகுதியைக் காட்டுங்கள். சண்டையாக வேண்டாம், வேத ஆராய்ச்சியாகவே கேளுங்கள்.

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுமுறை வேண்டினார். முள் போகவில்லை. அதை மறைக்காமல் கொரிந்தியருக்கு எழுதினார். தம்பியின் சாட்சி அந்த வகை. எங்கள் சபைக்கு அவரை அழைத்து வாருங்கள், பிரசங்க நேரத்தையே கொடுக்கிறேன். ஆனால் அவர் சொல்ல வேண்டிய இடம் அவருடைய சபைதான் என்பதும் எனக்குத் தெரிகிறது.

பதில் 4: கும்பகோணம் மூன்றுசக்கரம்

சகோதரி, எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் கிருமியால் கடைசியாக ஒரு பிள்ளைக்கு அது வந்தது 2011 ஜனவரியில். அதன்பிறகு பிறந்தவர்களுக்கு என்னைப் போன்றவர்களைப் பார்த்தால் புதுமையாக இருக்கும். ஐம்பது வயதாகிறது. இன்னமும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அறிமுகமில்லாத ஒருவர் வந்து என் முழங்காலில் கை வைத்துவிடுகிறார். கேட்டுவிட்டுத் தொடுவதில்லை.

நான் ஜெபித்துக் கேட்டது கால் அல்ல, சாய்தளம். எங்கள் ஆலயத்துக்கு மூன்று படிகள், மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஓரடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்கிட்டால் பதினெட்டடி நீளச் சரிவு போதும். மனு கொடுத்தேன். 2016-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், பொதுச் சேவைகள் என்ற வரையறையில் மதம் சார்ந்தவற்றையும் சேர்த்திருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். கமிட்டியில் பேசுகிறோம் என்றார்கள். பிறகு ஜெபக் குறிப்புப் பெட்டியில் வாரம் ஒரு சீட்டுப் போட ஆரம்பித்தேன்: "ஆலய வாசலில் பதினெட்டடி சாய்தளம் அமைய ஜெபியுங்கள்." வந்த குறிப்பைப் பீடத்திலிருந்து வாசித்தே ஆக வேண்டும். சபை "எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று சொல்லியே ஆக வேண்டும். பதினான்கு வாரம் ஜெபித்தார்கள். ஜெபிக்கிறவர்களுக்கே அதைக் கட்டாமல் இருப்பது கூச்சமாகிவிட்டது. பதினைந்தாவது வாரம் ஜல்லி வந்து இறங்கியது.

இரண்டாம் சாமுவேல் ஒன்பதாம் அதிகாரத்தில், சவுல் ராஜாவின் பேரன் மேவிபோசேத்துக்கு இரண்டு காலும் முடம். தாவீது அவனைக் குணமாக்கவில்லை, பந்தியில் உட்காரவைத்தான். அந்த அதிகாரத்தின் கடைசி வசனம்வரை அவன் கால் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

கடலோர ஆசிரியை

பண்டிகை முடிந்தது. எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

போதகர் ஐயா எழுதியதை மூப்பரிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "யோசிக்கிறேன்" என்றார். ஞாயிறன்று சாட்சி சொல்கிறவர்களின் பட்டியலில் தம்பியின் பெயர் இல்லை. தம்பி அதை எதிர்பார்த்திருந்தான் போலிருக்கிறது. கும்பகோணத்து அண்ணன் எழுதியதை அவன் என் கைப்பேசியில் மூன்று நாட்களாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை இரவு மாத்திரை போட்ட பிறகு என் மாணவர்களின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினான். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆலயம் முழுக்க நெற்கதிர்த் தோரணம், வாழைத்தார், பரங்கிக்காய். அவனுடைய மூட்டை பீடத்துக்கு இடப்பக்கம் இருந்தது. ஜெபக் குறிப்புகளை வாசித்தது கல்லூரியில் படிக்கிற ஒரு பையன். யாருக்கோ கண் அறுவை, யாருக்கோ துபாய் விசா. அடுத்த தாளை எடுத்தவன் ஒரு கணம் நிறுத்தினான். "அரசு மருத்துவமனையில் ரிஸ்... ரிஸ்பிரி... ரிஸ்பெடோன் மாத்திரை தடையில்லாமல் கிடைக்கவும், அதைத் தினமும் சாப்பிடுகிற எனக்காகவும், வெளியே சொல்ல முடியாமல் சாப்பிடுகிற மற்றவர்களுக்காகவும்" என்று வாசித்து, கீழே இருந்த தம்பியின் பெயரையும் வாசித்தான்.

"கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்றது சபை. பழக்கத்தில் வந்துவிட்டதா, தெரிந்து சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. நான் மூப்பரைப் பார்த்தேன். அவர் உதடும் அசைந்தது. அம்மா எனக்குப் பக்கத்தில் கொஞ்சம் தாமதமாகச் சொன்னார், ஆனால் சத்தமாகச் சொன்னார்.

திருவிருந்தில் தம்பி மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. விரல்கள் அடித்துக்கொண்டன. பாத்திரம் கொஞ்சம் சிந்தியது.

செவிலி அம்மா, அடுத்த புதன்கிழமை ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்கப்போகிறோம். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி சொன்னான்: "அந்தப் பையன் மருந்தின் பெயரைத் தவறாக வாசித்துவிட்டான், அக்கா. வருகிற வாரம் பெரிய எழுத்தில், எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுக்கிறேன்."